மீண்ட உயிர்

மனித மண்டையோட்டின் மேற்புறம் வழவழப்பான கவிகை போன்றது. அதன் அடிப்புறமோ அத்தகையதன்று. மேடும் பள்ளமும் கூர்விளிம்பும் துளைகளும் நிறைந்த கரடுமுரடான எலும்புத் தளம் அது. அத்தளத்தின்மேல்தான் மூளை அமர்ந்திருக்கிறது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகள் அத்தளத்தின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. கண், காது, நா, முகம் ஆகியவற்றை மூளையோடு இணைக்கும் நரம்புகளும் அவ்வழியாகவே செல்கின்றன. தண்டுவடமும் அங்குள்ள பெருந்துளை வழியாகவே மூளையைச் சேர்கிறது. ஆகவே, அத்தளத்தில் விழும் விரிசலை வெறும் எலும்பு முறிவாகக் கருத இயலாது. குருதிக்குழாய் கிழியலாம், நரம்பு நசுங்கலாம், மூளையைச் சூழ்ந்துள்ள நீர்மம் மூக்கு வழியாகவோ காது வழியாகவோ கசியலாம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. குருதியோட்டம் சில நிமிடங்கள் நின்றாலும் மூளைச் செல்கள் மடியத் தொடங்குகின்றன. மடிந்தவற்றின் இடத்தில் புதியவை முளைப்பது அரிது.

சோவியத் நாட்டின் கோட்பாட்டு இயற்பியலாளர் லெவ் லாண்டாவின் மண்டையோட்டு அடித்தளம் 1962ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் உடைந்தது. அவருக்கு 54 வயது நிறைவடைய அப்போது பதினைந்து நாள்களே இருந்தன. அவர் உயிர் பிழைத்தார். பேச்சும் நடையும் பழைய நினைவுகளும் அவரிடம் திரும்பி வந்தன. எனினும், எதன்பொருட்டு உலகம் அவரைக் காக்க விரைந்ததோ அது மட்டும் திரும்பவில்லை.

பாகு நகரத்துச் சிறுவன்

காஸ்பியன் கடலோரத்தில், எண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற பாகு நகரில் 1908ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் லாண்டாவ் பிறந்தார். தந்தை டேவிட் எண்ணெய்த் தொழிலில் பொறியாளர். தாய் லியூபோவ் மருத்துவர். வீட்டில் கல்விக்குக் குறைவில்லை. பன்னிரண்டு வயதில் வகைநுண்கணிதமும் பதின்மூன்றில் தொகைநுண்கணிதமும் அவருக்குக் கைவந்தன. நுண்கணிதம் அறியாதிருந்த காலம் ஒன்று தமக்கு இருந்ததாகவே நினைவில்லை என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பதின்மூன்றாம் வயதிலேயே பள்ளிப்படிப்பை முடித்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மிகவும் சிறுவன் என்று பெற்றோர் எண்ணியதால், ஓராண்டு பொருளியல் தொழிற்பள்ளியில் கழித்தார். 1922ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், பாகு பல்கலைக்கழகத்தில் இயற்பியல்-கணிதத் துறையிலும் வேதியியல் துறையிலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார்.

ஈராண்டுகளுக்குப் பின் லெனின்கிராடு சென்றார். குவாண்டம் இயக்கவியல் என்னும் புதிய அறிவியல் ஐரோப்பாவில் பிறந்துகொண்டிருந்த காலம் அது. அணுவின் உள்ளுலகுக்குப் பழைய விதிகள் பொருந்தா என்று இளம் அறிஞர் சிலர் காட்டிவந்தனர். அவர்களின் கட்டுரைகளைத் தாங்கிய இதழ்கள் வந்து சேர்ந்ததும் லாண்டாவ் அவற்றை விழுந்து விழுந்து படித்தார். பத்தொன்பது வயதில் பட்டம் பெற்றார். இருபத்தொன்றாம் வயதில் மேலை நாடுகளுக்குக் கல்விப் பயணம் மேற்கொண்டார். கோட்டிங்கன், லைப்சிக், சூரிச், கேம்பிரிட்ஜ் எனப் பல ஊர்களில் தங்கினாலும், அவர் உள்ளம் நிலைகொண்ட இடம் கோபன்ஹேகன். அங்கே நீல்ஸ் போர் இருந்தார். இளைஞர்கள் தம்மை எதிர்த்து வாதிடுவதை விரும்பிய ஆசிரியர் அவர். தம் ஆசிரியர் போர் ஒருவரே என்று லாண்டாவ் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

தாளும் கோலும் வேண்டா மனம்

1932ஆம் ஆண்டு கார்கோவ் நகரின் இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தில் கோட்பாட்டுத் துறையின் தலைமை இருபத்து நான்கே வயதான லாண்டாவிடம் வந்தது. அங்குதான் அவர் தமது பள்ளியை உருவாக்கத் தொடங்கினார். இங்குப் பள்ளி என்பது கட்டடம் அன்று. ஒரே முறையில் சிந்திக்கப் பழகிய மனிதர்களின் கூட்டம். அதனுள் நுழைய ஒரு தேர்வு இருந்தது. கோட்பாட்டுக் குறைந்தபட்சம் என்பது அதன் பெயர். பெயரில்தான் குறைவு. கணிதத்தில் இரண்டும் இயற்பியலில் ஏழுமாக ஒன்பது தேர்வுகளில் வெல்ல வேண்டும். பரிந்துரை வேண்டியதில்லை, விருப்பமுள்ள எவரும் தொலைபேசியில் அழைத்து நாள் குறித்துக்கொள்ளலாம். லாண்டாவ் ஒரு கணக்கைத் தந்துவிட்டு அறையை விட்டுச் செல்வார். சிறிது நேரம் கழித்து வந்து மாணவரின் தாளைப் பார்ப்பார். தேறியவர்களின் பெயர்களைக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைத்தார். 1934 முதல் 1961 வரை அப்பட்டியலில் ஏறிய பெயர்கள் 43.

லாண்டாவிடம் ஒரு வியப்பான குறை இருந்தது. எழுதுவதென்றாலே அவருக்குக் கசக்கும். கட்டுரையாயினும் கடிதமாயினும் எழுத உட்கார்வது அவருக்குத் துன்பம். கணக்கெல்லாம் மனத்திலேயே நடக்கும். தாளில் வருவது பெரும்பாலும் விடை மட்டுமே. சோபாவில் சாய்ந்தபடி வாயால் சொல்லிக்கொண்டே போவார். அதைத் தெளிந்த நடையில் எழுதிய கை எவ்கேனி லிஃப்ஷிட்சுடையது. குறைந்தபட்சத் தேர்வில் இரண்டாவதாகத் தேறிய மாணவர் அவர். இவ்விருவரின் உழைப்பில் கோட்பாட்டு இயற்பியல் பாடநூல் வரிசை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இன்றும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் அந்நூல்கள் பயிலப்படுகின்றன.

நாவடக்கம் அவரிடம் இல்லை. கார்கோவில் தம் அறைக் கதவில், இங்கிருப்பவர் கடிப்பார், எச்சரிக்கை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பை மாட்டியிருந்தார். இயற்பியலாளர்களைத் தரவரிசைப்படுத்தும் அளவுகோல் ஒன்றையும் வைத்திருந்தார். அதில் எண் குறையக் குறையப் பெருமை கூடும். ஐன்ஸ்டைனுக்கு அரை, போர், ஹைசன்பர்க், டிராக் போன்றோருக்கு ஒன்று, தமக்கு முதலில் இரண்டரை. பின்னாளில்தான் தம்மை இரண்டுக்கு உயர்த்திக்கொண்டார். பிறரிடம் கடுமை காட்டிய அவர் தம்மை எடைபோடுவதிலும் சலுகை காட்டவில்லை.

சிறையும் ஹீலியமும்

ஸ்டாலினின் ஆட்சியில் 1937, 1938ஆம் ஆண்டுகள் கொடிய ஆண்டுகள். கார்கோவில் லாண்டாவுடன் பணியாற்றிய லெவ் சூப்னிகோவ் உள்ளிட்ட அறிஞர்கள் கைதாகிச் சுட்டுக்கொல்லப்பட்டனர். லாண்டாவ் அதற்கு முன்பே மாஸ்கோவுக்கு வந்து, பியோத்தர் கபிட்சா தலைமையிலான இயற்பியல் சிக்கல்கள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். ஆயினும் ஆபத்து அங்கும் தொடர்ந்தது. ஸ்டாலினின் ஆட்சியைக் கண்டிக்கும் துண்டறிக்கை ஒன்றின் தொடர்பில் 1938ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அவர் கைது செய்யப்பட்டார். ஓராண்டு சிறையில் கிடந்தார். எழுதத் தாளில்லை. மனத்தில் கணக்கிடும் பழக்கம் அங்கே அவரைக் காத்தது. எனினும் உடல் தளர்ந்தது.

அவரை மீட்டவர் கபிட்சா. கைது நடந்தவுடனேயே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் மற்றத் தலைவர்களுக்கும் எழுதினார். உறவினரே வாய் திறக்க அஞ்சிய காலத்தில் அது சிறிய செயலன்று. கபிட்சா முன்வைத்த காரணம் அறிவியல் சார்ந்தது. திரவ ஹீலியத்தில் தாம் கண்டறிந்த ஒரு புதிரை விளக்க வல்ல கோட்பாட்டாளர் லாண்டாவ் ஒருவரே என்றார். லாண்டாவின் நடத்தைக்குத் தாமே பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமும் இட்டார். 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் லாண்டாவ் விடுதலையானார்.

அந்தப் புதிர் இதுதான். ஹீலியம் வளிமத்தைக் குளிர்வித்தால் ஏறத்தாழ மைனஸ் 269 பாகை செல்சியசில் நீர்மமாகிறது. மேலும் குளிர்வித்து மைனஸ் 271 பாகையை எட்டும்போது அது வேறொன்றாக மாறிவிடுகிறது. மிக நுண்ணிய இடுக்குகளிலும் உராய்வே இல்லாமல் பாய்கிறது; கலத்தின் சுவரில் மெல்லிய படலமாகத் தானே ஏறி வெளியே வழிகிறது. இதற்கு மீப்பாய்மை என்று பெயர். ஒவ்வோர் அணுவும் எங்குச் செல்கிறது என்று கணக்கிட முயன்றால் விடை கிடைக்காது என்பதை லாண்டாவ் உணர்ந்தார். நீர்மம் முழுவதையும் ஒரே குவாண்டம் அமைப்பாகக் கொண்டார். அதில் எழும் சிறு கிளர்ச்சிகளைத் துகள்களைப் போலக் கருதிக் கணக்கிட்டார். 1941ஆம் ஆண்டு கோட்பாடு வெளிவந்தது. அத்தகைய ஹீலியத்தில் வெப்பம் அலையாகப் பரவ வேண்டும் என்று அது முன்னுரைத்தது. அந்த அலை 1944ஆம் ஆண்டு மாஸ்கோவில் சோதனை வழியாகக் கண்டறியப்பட்டது. கபிட்சா கொடுத்த பிணைக்கு ஈடு கிடைத்துவிட்டது.

அதன்பின் இருபது ஆண்டுகள் லாண்டாவின் பொற்காலம். மீக்கடத்திகளைப் பற்றி விட்டாலி கின்ஸ்பர்குடன் இணைந்து 1950இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார். வியாழக்கிழமைதோறும் முற்பகல் பதினொரு மணிக்கு அவருடைய கருத்தரங்கு கூடும். தெளிவில்லாமல் பேசுவோர் அங்குப் பாதியிலேயே நிறுத்தப்படுவர். 1958ஆம் ஆண்டு அவரது ஐம்பதாம் பிறந்தநாளில், அவருடைய தலைசிறந்த பத்துக் கண்டுபிடிப்புகளைக் கல்லில் பொறித்து நண்பர்கள் பரிசளித்தனர். அன்று அவர் அறிவு முழு வீச்சில் இருந்தது.

ஜனவரி 7

1962ஆம் ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோவுக்கு வடக்கே உள்ள தூப்னா என்னும் அறிவியல் நகரை நோக்கி லாண்டாவ் காரில் புறப்பட்டார். அவருடைய மாணவர் ஒருவர் வண்டியை ஓட்டினார். சாலையெங்கும் பனிக்கட்டி உறைந்திருந்தது. திமீத்ரவ் நெடுஞ்சாலையில் கார் சறுக்கி எதிரே வந்த சரக்குந்தின் வழியில் திரும்பியது. மோதலின் வேகத்தையெல்லாம் தாங்கியது லாண்டாவ் அமர்ந்திருந்த பக்கம். உடன் சென்றவர்கள் பெருங்காயமின்றித் தப்பினர். உராய்வின்றி ஓடும் நீர்மத்தை உலகுக்கு விளக்கியவரை, உராய்வு அற்றுப்போன ஒரு சாலை வீழ்த்திவிட்டது.

மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருக்கு உணர்வில்லை. மண்டையோட்டின் மேற்புறமும் அடித்தளமும் முறிந்திருந்தன. மூளை பல இடங்களில் கன்றி, குருதி கசிந்திருந்தது. விலா எலும்புகள் நொறுங்கி நுரையீரல் பழுதடைந்திருந்தது. இடுப்பெலும்பும் உடைந்திருந்தது. இவற்றுள் ஒன்றே உயிரைக் குடிக்கப் போதுமானது.

மண்டையோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்றைய மருத்துவர்கள் சில நிமிடங்களில் படமாகப் பார்க்கிறார்கள். அன்று அது இயலாது. கணினி வழி எடுக்கும் ஊடுகதிர்ப் படம் மனிதருக்கு முதன்முதலாக எடுக்கப்பட்டது 1971ஆம் ஆண்டில்தான். மூளைத் தமனிகளில் மருந்தைச் செலுத்தி ஊடுகதிரில் காணும் முறையைப் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ் 1927இலேயே கண்டறிந்திருந்தார். எனினும் மூச்சு எப்போது நிற்குமோ என்ற நிலையில் உள்ளவரை அதற்காக அசைப்பதே ஆபத்து. ஆகவே, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, ஊசி குத்தினால் கை இழுபடுகிறதா, மூச்சின் ஒழுங்கு மாறுகிறதா என்பவற்றைக் கொண்டே உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டியிருந்தது.

முதற்பகை மூளை வீக்கம். மற்ற உறுப்பு வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும்; மண்டையோடு விரியாது. வீங்கிய மூளை தன் குருதிக்குழாய்களைத் தானே அழுத்திக்கொள்கிறது. குருதி குறையக் குறைய வீக்கம் மேலும் கூடுகிறது. இறுதியில், மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டு நசுங்குகிறது. வீக்கத்தை வடிக்க அப்போது கையாளப்பட்ட மருந்து தூய்மைப்படுத்திய யூரியா. குருதியில் அதன் செறிவு உயர்ந்தால், மூளைத் திசுவிலிருந்து நீர் குருதிக்கு ஈர்க்கப்படும். பள்ளி அறிவியலில் பயிலும் சவ்வூடு பரவலே இங்கு உயிர்காக்கும் வழியாகிறது.

இங்கே லாண்டாவின் மற்றொரு படைப்பு செயல்படத் தொடங்கியது. அவர் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்து, திட்டியும் சிரித்தும் வளர்த்த மாணவர்கள் மருத்துவமனையில் வந்து குவிந்தனர். அழுதுகொண்டு நிற்க அவர்கள் வரவில்லை. முறைவைத்து இரவும் பகலும் காவலிருந்தனர். யார் எந்த நேரத்தில் எந்த மருந்துக்குப் பொறுப்பு என்று பட்டியலிட்டனர். தொலைபேசியருகே ஆள் அமர்த்தினர். மருத்துவர்களை வீடு தேடிச் சென்று அழைத்துவந்தனர். மூச்சு தடுமாறியபோது, இளம்பிள்ளைவாத ஆய்வு நிறுவனத்திலிருந்து செயற்கைச் சுவாசக் கருவியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவர்களே. வெளிநாட்டு இயற்பியலாளர்களுக்குச் செய்தி பறந்தது. கிடைத்தற்கரிய மருந்துகள் விமானங்களில் மாஸ்கோ வந்து இறங்கின. இரண்டு வல்லரசுகள் அணுகுண்டுகளை அடுக்கிவைத்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த எல்லைகளைத் தாண்டி மருந்துப் பொட்டலங்கள் மட்டும் தடையின்றி வந்தன.

தொடக்க நாள்களில் நான்கு முறை அவர் இறந்துவிட்டார் என்றே கருதும் நிலை வந்தது. நான்கு முறையும் மருத்துவர்கள் அவரை மீட்டனர். நாள்கள் வாரங்களாயின. பிராகாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வல்லுநர்கள் வந்தனர். பிப்ரவரி இறுதியில், மாண்ட்ரியல் நகரிலிருந்து வைல்டர் பென்ஃபீல்டு வந்தார். வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்களின் மூளையை மின்முனையால் தொட்டு, எந்தப் பகுதி எதை ஆள்கிறது என்று வரைபடம் வகுத்த பெருமகன் அவர். மண்டையோட்டைத் திறந்து பார்ப்பதா, காத்திருப்பதா என்பதே அவர்முன் வைக்கப்பட்ட கேள்வி. அவர் மாஸ்கோவில் இருந்த நாள்களிலேயே லாண்டாவின் கண்கள் எதிரில் நின்ற மனிதர்களைப் பின்தொடரத் தொடங்கின. மிகச் சிறிய அசைவுதான். ஆயினும் மயக்கத்தின் அடியில் ஒரு மனம் விழித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. காத்திருப்பது என்று முடிவாயிற்று.

திரும்பியவையும் திரும்பாதவையும்

ஏறத்தாழ இரண்டு மாத மயக்கத்துக்குப் பின் அவர் மெல்ல மெல்ல மேலே வந்தார். உணர்வு திரும்புவது தூக்கத்திலிருந்து விழிப்பதைப் போன்றதன்று. குழந்தை வளர்வதை ஒத்தது. முதலில் கண் பின்தொடர்கிறது. பிறகு சொன்னதைக் கேட்டுக் கை அசைகிறது. விழுங்கப் பழக வேண்டும். உட்காரப் பழக வேண்டும். வசந்தத்தில் லாண்டாவுக்குப் பேச்சு வந்தது. நண்பர்களை அடையாளம் கண்டார். ஆங்கிலம் மறக்கவில்லை. இளமையில் மனப்பாடம் செய்த கவிதைகளைத் தடையின்றிச் சொன்னார். பழைய குறும்பும் இருந்தது. அறிவுநிலையைச் சோதிக்க வந்த மருத்துவர் வட்டம் வரையச் சொன்னபோது லாண்டாவ் சிலுவையையும், சிலுவை வரையச் சொன்னபோது வட்டத்தையும் வரைந்தாராம். இவ்வளவு எளிய வேலையைச் சொன்னபடி செய்தால்தான் தம்மை மூளை கலங்கியவர் என்று எண்ண வேண்டும் என்று விளக்கமும் தந்தார் என அவர் நண்பர்களிடையே ஒரு கதை வழங்கிற்று. கதையைக் கேட்டவர்கள் மகிழ்ந்தனர். பழைய லாண்டாவ் வந்துவிட்டார் என்று நம்ப அவர்கள் விரும்பினர்.

அந்த நம்பிக்கை முழுவதும் நிறைவேறவில்லை. நெடுங்காலத்துக்கு முன் நடந்தவை நினைவில் நின்றன. நேற்று நடந்தவை நில்லாமல் நழுவின. தலையில் பேரதிர்ச்சி ஏற்படும்போது மூளை தன் இருப்பிடத்தில் வழுக்கி, அடியிலுள்ள கரடுமுரடான எலும்பின்மீது உராய்கிறது. நெற்றிப்புற மூளையின் கீழ்ப்பரப்பும் பொட்டுப்புற மூளையின் முனைகளுமே அதனால் பெரிதும் கன்றுகின்றன. புதிய நினைவைப் பதியவைப்பதில் பொட்டுப்புறத்தின் உட்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு வேலையைத் தொடங்கவும் இடையில் சிதறாமல் அதைப் பின்தொடரவும் நெற்றிப்புற மூளை வேண்டும். எனவே, இத்தகைய காயத்திலிருந்து மீண்டவர்கள் பலருக்குக் கற்ற மொழியும் பழகிய முகங்களும் திரும்பிவந்தும், புதிதாக ஒன்றை உருவாக்கும் ஆற்றல் திரும்புவதில்லை. லாண்டாவ் போன்றவருக்கு இது பிறரைக் காட்டிலும் கொடிது. அவர் தாளை நம்பியவர் அல்லர். கணக்கின் பத்துப் படிகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி நிறுத்துவதே அவருடைய தொழில்முறை. முதற்படியை மறந்துவிடும் மனத்தில் பத்தாம் படி எங்ஙனம் நிற்கும்?

மாணவர்கள் வந்து இயற்பியல் பேசத் தொடங்கினால், கால் வலிக்கிறது, நாளை பார்க்கலாம் என்பார். காலிலும் வயிற்றிலும் உண்மையாகவே வலி இருந்தது. அது அவரை இறுதிவரை விடவில்லை. ஆனால் அந்த நாளை வரவேயில்லை.

1962ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், இயற்பியலுக்கான நோபல் பரிசு லாண்டாவுக்கு அறிவிக்கப்பட்டது. திரவ ஹீலியம் பற்றிய முன்னோடிக் கோட்பாடுகளுக்காக அப்பரிசு வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் செல்ல அவருக்கு உடல்நிலை இடந்தரவில்லை. டிசம்பர் 10ஆம் நாள் மாஸ்கோவின் மருத்துவமனையிலேயே சுவீடன் தூதர் ரோல்ஃப் சோல்மன் அவரிடம் பதக்கத்தையும் பட்டயத்தையும் அளித்தார். பரிசு அறிவிக்கப்பட்டதற்கும் வழங்கப்பட்டதற்கும் இடையில், நவம்பர் 18ஆம் நாள், கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் காலமானார். அதே ஆண்டு பாடநூல் வரிசைக்காக லாண்டாவுக்கும் லிஃப்ஷிட்சுக்கும் லெனின் பரிசும் கிடைத்தது. இரண்டு பரிசுகளும் ஜனவரி 7ஆம் நாளுக்கு முந்தைய லாண்டாவின் உழைப்புக்கு உரியவை.

அவரைக் காத்தது வெற்றியா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. மனைவிக்குக் கணவரும், பதினைந்து வயது மகனுக்குத் தந்தையும் உயிரோடு கிடைத்தனர். அவர்களிடம் அக்கேள்வியைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. மருத்துவ உலகுக்கோ, மீட்க முடியாது என்று கைவிடப்பட்டவரை விடாது காத்தால் மீட்க முடியும் என்பது தெரியவந்தது. ஆனால் வியாழக்கிழமைக் கருத்தரங்குக்கு வந்த மாணவர்கள் தம் ஆசிரியரை இழந்திருந்தனர். அந்த இழப்பை வெளிப்படையாகத் துக்கங்கொண்டாடவும் அவர்களால் இயலவில்லை. ஆசிரியர் உயிரோடு இருந்தார் அல்லவா?

1965ஆம் ஆண்டு, அவருடைய மாணவர்கள் மாஸ்கோவுக்கு அருகே கோட்பாட்டு இயற்பியலுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்பாடு அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஜனவரியில் லாண்டாவுக்கு அறுபது வயது நிறைந்தது. மார்ச் இறுதியில் குடலில் அடைப்பு ஏற்பட்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. உடல் தாங்கவில்லை. ஏப்ரல் முதல் நாள் அவர் காலமானார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டுகளும் மூன்று மாதங்களுக்குச் சற்றுக் குறைவான காலமும்.

பின்னர்ப் பத்துத் தொகுதிகளாக நிறைவுபெற்ற பாடநூல் வரிசையில், விபத்து நேர்ந்தபோது மூன்று தொகுதிகள் வெளிவராமல் நின்றன. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லாத நிலையில் லிஃப்ஷிட்ஸ் அவற்றை எழுத அமர்ந்தார். இளையவரான லெவ் பித்தாயெவ்ஸ்கி உடன் சேர்ந்தார். பத்தாம் தொகுதி 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. 2003ஆம் ஆண்டு, மீக்கடத்திகள் பற்றிய ஆய்வுக்காகக் கின்ஸ்பர்கும், பத்தொன்பதாம் வயதில் குறைந்தபட்சத் தேர்வில் தேறிய அலெக்சி அப்ரிகோசவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கின்ஸ்பர்கின் பணி, 1950இல் அவர் லாண்டாவுடன் இணைந்து வகுத்த அதே கோட்பாடு. அப்ரிகோசவ் தம் ஆய்வைத் தொடங்கியதும் அதன்மேல் நின்றுதான்.